பரியாரியாரும் சட்டமும்



என் பாடசாலை ஆசிரியர் ஒருவர் துவிச்சக்கரவண்டியிலிருந்து வீழ்ந்து முன்கையை முறித்துக்கொண்டார். அயற்கிராமத்து முறிவு வைத்தியர், எழுபது வயதைக் கடந்த முதியவர், எண்ணெய் வார்த்து மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டினார். கை நேராகிவிட்டது, லீவுதான் நேராகவில்லை. ஆசிரியர் கொணர்ந்த சான்றிதழில் வைத்தியரின் பதிவிலக்கம் இல்லை. அதிபர் என்ற முறையில் நான் அதனைச் சிபாரிசு செய்ய இயலவில்லை. இதனை அறிந்த முதியவர், "என் தகப்பனார் கட்டினார், அவர் தகப்பனார் கட்டினார், எவரும் இலக்கம் கேட்கவில்லையே" என்று சொல்லியனுப்பினார்.

அவர் மனத்தாங்கல் நியாயமானதே. ஆயினும் சட்டம் அவரைப் புறக்கணித்ததென்று கூறுதல் பொருந்தாது. 1929ஆம் ஆண்டு கொழும்பிலே சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கிற்று. 1941ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சுதேச வைத்தியத்துக்கென ஒரு சபையை அமைத்தது. அதன் இடத்தில் வந்ததே 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம். நம்மவர் பலர் 'ஆயுர்வேதம்' என்ற பெயரைக் கண்டதும் இது நமக்குரியதன்று என ஒதுங்கிவிடுகின்றனர். அச்சட்டத்திலே அச்சொல் சித்தம், யூனானி, தேசிய வைத்தியம் ஆகியவற்றையும் அடக்கும். பட்டதாரிகளேயன்றிப் பரம்பரை வைத்தியரும் பதிவு பெறலாம். முறிவு, விஷகடி, கண்ணோய் போன்ற ஒரு துறையில் மட்டும் கைதேர்ந்தவருக்கும் தனிப் பதிவு உண்டு. இதனை அறியாது காலங்கழித்தவர் எத்தனை பேரோ!

பதிவு கேடயமாவதுபோலவே எல்லைக்கோடும் ஆகும். அபின், கஞ்சா முதலியவற்றைக் கையாள 1929ஆம் ஆண்டின் நச்சுப்பொருட் கட்டளைச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கின்றது. பழைய ஏட்டிலே அவை மருந்தாகக் கூறப்பட்டிருப்பது மாத்திரம் வைத்தியருக்கு அனுமதியாகிவிடாது. ஆங்கில மாத்திரையைப் பொடித்துச் சூரணத்திற் கலந்து கொடுப்போரும் ஆங்காங்கே உளர். சட்டம் கண்டிக்குமுன் அவர்தம் முன்னோரே அவரைக் கண்டித்திருப்பர்.

விஷகடி பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடி விரியன் தீண்டியவருக்கு நாழிகை ஒவ்வொன்றும் பெறுமதி வாய்ந்தது. விஷமுறிவு ஊசி ஆஸ்பத்திரியிலேயே உண்டு. நல்ல விஷகடி வைத்தியர், "முதலில் அங்கே கொண்டுபோங்கள்" என்று சொல்லத் தயங்கார். அப்படிச் சொல்பவரை நான் அறிவேன். அவர்மீது ஊரார் வைத்த மதிப்பு அணுவளவும் குறையவில்லை.

முறிவு வைத்தியரிடம் சென்ற மாதம் நானே போனேன். பதிவுக்கு விண்ணப்பிக்கும் வழியை விளக்கினேன். தம் மகனையும் கூட இருத்திப் பொறுமையாகக் கேட்டார். பின்னர் ஒரேயொரு வினா எழுப்பினார்: "எங்கே கற்றீர் என்று கேட்டால், எங்கள் வீட்டுத் திண்ணையில் என்று எழுதலாமா, ஐயா?"

எழுதலாம் என்றேன்.