சாபத்தால் செத்தாரா? குண்டால் செத்தாரா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு போலீசு உத்தியோகஸ்தருடைய சாவைப் பற்றியதாகும். இந்த மேடையில் போலீசுக்காரரைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். போலீசாரிடம் நமக்கு அப்படியொன்றும் அளவுகடந்த பிரியம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டத்துக்கு அனுமதி கேட்கப்போய்ப் பொழுதெல்லாம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆனாலும், வேலையில் நின்றபடியே உயிரை விட்ட ஒரு மனிதரை, அவர் செத்துப் பத்து வருஷம் கழிந்தபிறகு, “என் சாபத்தால்தான் செத்தான்” என்று ஒருவர் மைக் முன்னால் சொல்ல, அதைக் கேட்டுக் கை தட்டவும் ஆள் இருந்ததென்றால், அதைப்பற்றிப் பேசாமல் நாம் வேறு எதைப் பேசுவது?

அந்த உத்தியோகஸ்தர் பெயர் ஹேமந்த் கர்கரே. 1954-ல் பிறந்தவர். இஞ்சினீயர் படிப்புப் படித்துக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்து, பிறகு 1982-ல் போலீசுக்கு வந்தவர். ஆஸ்திரியா தேசத்தில் ஏழு வருஷம் சர்க்கார் வேலை பார்த்தவர். ஓய்ந்த நேரத்தில் மரத்தில் உருவங்கள் செதுக்குவாராம். 2008-ம் வருஷ ஆரம்பத்தில் மகாராஷ்டிர சர்க்காரின் பயங்கரவாதத் தடுப்புப் படைக்குத் தலைவரானார். அந்த வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி மாலேகான் என்ற ஊரில் குண்டு வெடித்து 6 பேர் செத்தார்கள். அந்த வழக்கை விசாரித்தது இவருடைய படை. அதில் அக்டோபர் மாதம் கைதானவர்களில் சாமியாரிணியான பிரக்ஞா சிங் தாக்கூர் என்ற அம்மையாரும் ஒருவர்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த வழக்கில் 2025 ஜூலை 31-ந் தேதி விசேஷக் கோர்ட்டார், ருசு போதாது என்று அம்மையார் உட்பட ஏழு பேரையும் விடுதலை செய்துவிட்டார்கள். அதை மறைத்துக்கொண்டு பேசுவது நமக்கு அழகல்ல. காவலில் தம்மைக் கொடுமை செய்தார்கள் என்பதும் அம்மையாருடைய புகார். போலீசு அடியை நியாயம் என்று நாம் என்றைக்கும் சொன்னதில்லை. அது மெய்யானால் அதற்குக் கேட்கவேண்டிய இடம் கோர்ட்டு. நம்முடைய சண்டை வழக்கைப் பற்றியதல்ல. சாபத்தைப் பற்றியது.

2019 ஏப்ரலில் போபால் தொகுதிக்குத் தேர்தல் நின்றபோது அம்மையார் சொன்னது என்னவென்றால்: கர்கரேயைப் பார்த்து “நீ நாசமாய்ப் போவாய்” என்று தாம் சொன்னதாகவும், தாம் காவலுக்குப் போன நாளிலிருந்து அவருக்குத் தீட்டுப் பிடித்ததாகவும், ஒன்றேகால் மாதத்தில் அவர் சாவோடு அந்தத் தீட்டுக் கழிந்ததாகவும் கணக்குச் சொன்னார். பார்த்தீர்களா தோழர்களே, தீட்டு எங்கெல்லாம் போய் நுழைகிறது! நம் வீட்டுப் பெண்களைத் திண்ணையில் உட்காரவைத்த தீட்டு, துப்பாக்கிக் குண்டுக்கும் நாள் குறிக்கிறதாம். நாலு பக்கமும் கண்டனம் கிளம்பிற்று. பெரிய போலீசு உத்தியோகஸ்தர்களின் சங்கமே கண்டித்தது. அம்மையாரும் பேச்சை வாபஸ் வாங்கிக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். வாபஸ் ஆனது பேச்சுத்தான். தேர்தலில் லட்சக்கணக்கான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தும் வந்தார்.

சரி, சாபம் என்றே வைத்துக்கொள்ளுவோம். கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போமே. விசாரித்தால் சாபத்துக்குக் கோபம் வராது. வந்தால் நம்மேல் வரட்டும்.

பம்பாய் என்று நாம் சொல்லிப் பழகிய மும்பைக்கு 2008 நவம்பர் 26-ந் தேதி ராத்திரி பாகிஸ்தானிலிருந்து கடல்வழியாகப் பத்துப் பேர் வந்தார்கள். அவர்கள் கொன்றது 166 பேர். அந்தப் பத்துப் பேரில் கசாப், இஸ்மாயில் என்ற இரண்டு பேர் பெரிய ரயில்வே ஸ்டேஷனில் புகுந்து, வண்டிக்குக் காத்திருந்த ஜனங்களைச் சுட்டார்கள். அங்கே மாத்திரம் செத்தவர்கள் ஐம்பதுக்கு மேல். மூட்டை முடிச்சோடு பிளாட்பாரத்தில் படுத்திருந்த கூலிக்காரனும் பிள்ளை பெற்றவளும் எந்தச் சாமியாரைக் கைது செய்தார்கள்? அவர்களுக்கு யார் கொடுத்த சாபம்? ஒருவரைக் கொல்ல ஏவின சாபம் குறி தப்பி இத்தனை பேரைக் கொன்றதென்றால், அந்தச் சாபத்தை எய்தவர் வெளியே சொல்லிக்கொள்ள வெட்கப்பட வேண்டாமா?

ஸ்டேஷனிலிருந்து அந்த இருவரும் பக்கத்திலுள்ள காமா ஆஸ்பத்திரிக்குள் ஏறினார்கள். அது பெண்களுக்கான ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகளை ஓர் அறையில் சேர்த்துக் கதவை அடைத்து, விளக்கை அணைத்துக் காப்பாற்றியது அங்கிருந்த நர்சு. மந்திரமல்ல, தாழ்ப்பாள்! கர்கரே ஸ்டேஷனுக்கு வந்து, தலைக்கவசமும் குண்டு துளைக்காச் சட்டையும் மாட்டிக்கொண்டதை டெலிவிஷனில் தேசமே பார்த்தது. பிறகு அவரும், காம்தே, சாலஸ்கர் என்ற இரண்டு உத்தியோகஸ்தர்களும், நாலு காவலர்களும் ஒரே வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிப் பக்கம் போனார்கள். சந்தில் ஒளிந்திருந்தவர்கள் சுட்டார்கள். ஏழு பேரில் ஆறு பேர் செத்தார்கள்.

அந்த ஆறில் மூன்று பேர் சாதாரணக் காவலர்கள். அவர்களுக்கும் தீட்டா? பிழைத்த ஒரு காவலர், செத்தவர்களுக்கு அடியில் கிடந்து மூச்சை அடக்கிக்கொண்டார். அந்த வண்டியையே கொலைகாரர்கள் ஓட்டிப் போனார்கள். இடையில் வேறொரு கார் பிடுங்கிக்கொண்டு போனதும், இவர்தான் கம்பியில்லாத் தந்தியில் சேதி சொன்னார். அந்தக் கார் சௌபாத்திக் கடற்கரைப் பக்கம் மறிக்கப்பட்டது.

அங்கே நின்றவர்களில் ஒருவர் துக்காராம் ஓம்ப்ளே. உதவிச் சப்-இன்ஸ்பெக்டர். பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவர் கையில் இருந்தது என்ன தெரியுமா? ஒரு லத்தி. எதிரே இருந்தவன் கையில் நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான குண்டு கக்கும் துப்பாக்கி. ஓம்ப்ளே அந்தத் துப்பாக்கியின் குழாயையே கையால் பற்றிக்கொண்டு விடவில்லை. பல குண்டுகள் அவர் உடம்பில் பாய்ந்தன. பிடி தளருமுன் மற்றக் காவலர்கள் கசாபை உயிரோடு பிடித்துவிட்டார்கள். பத்துப் பேரில் உயிரோடு அகப்பட்டவன் அவன் ஒருவனே. அவன் அகப்பட்டதால்தான் எங்கிருந்து வந்தான், யார் அனுப்பினார் என்பதெல்லாம் கோர்ட்டில் ருசுவாயிற்று. கர்கரே முதலியவர்களைக் கொன்றதும் இந்த இருவரே என்று தீர்ப்பாகி, சுப்ரீம் கோர்ட்டும் 2012-ல் அதை உறுதிசெய்து, அந்த வருஷம் நவம்பர் 21-ல் அவனைத் தூக்கிலிட்டார்கள். கர்கரேயின் சாவைப் பற்றி வேறுவிதக் கதை கட்டுகிறவர்களும் உண்டு. அவர்களில் சிலர் நமக்கு வேண்டியவர்களும்கூட. நாம் அவர்களிடம் கேட்பதும் அதே கேள்விதான்: ருசு எங்கே?

நிற்க. சாபக் கணக்கில் இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. இந்தத் தாக்குதலுக்கு வேவு பார்க்க ஹெட்லி என்ற அமெரிக்கன் மும்பைக்கு வந்துபோனது 2006-லிருந்து 2008 ஜூலை வரையில், ஐந்து தடவை. இதை அவனே அமெரிக்கக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறான். அம்மையார் கைதானது 2008 அக்டோபரில். கர்கரே அந்தப் படைக்குத் தலைவரானதே 2008 ஜனவரியில். அப்படியானால் சாபம் கொடுப்பதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே சாபம் வேலையை ஆரம்பித்துவிட்டதாக அல்லவா ஆகிறது! கோபித்துக்கொண்டு சாபம் கொடுத்த துர்வாச முனிவருக்குக்கூட இந்தச் சாமர்த்தியம் இருந்ததாகப் புராணக்காரன் எழுதவில்லை.

நம் ஊரில் மாத்திரம் என்ன வாழ்கிறது? கோயில் வாசலில் மண்ணை வாரித் தூற்றுகிறோம். காசு வெட்டிப் போடுகிறோம். மிளகாய் அரைத்துச் சிலைக்குப் பூசுகிறோம். திருட்டுக் கொடுத்த ஏழை, போலீசிலும் கோர்ட்டிலும் நியாயம் கிடைக்காமல் மிளகாய் அரைக்கிறான் என்றால் அவன்மேல் நமக்குப் பரிதாபம்தான். ஆனால் ஓட்டுக் கேட்க மேடை ஏறுகிறவர் சாபத்தைக் காட்டினால் அது பரிதாபப்படத்தக்க காரியமல்ல.

இதனால் என்ன நஷ்டம், சொல்லிவிட்டுப் போகட்டுமே என்பீர்கள். நஷ்டம் இருக்கிறது. சாபத்தால் செத்தார் என்றால் கொன்றவன் வெறும் கருவி ஆகிவிடுகிறான். அதைவிட, கேட்கவேண்டிய கேள்விகளெல்லாம் செத்துப்போகின்றன. துப்பாக்கிக்கு எதிரே ஒரு மனிதனை ஏன் லத்தியோடு நிறுத்தினீர்கள்? அந்தக் குண்டு துளைக்காச் சட்டையின் தரம் என்ன? கர்கரேயின் மனைவியார் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார். புருஷன் போன துக்கத்தில் மூலையில் உட்காராமல், தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டுக் கேட்டார். சர்க்காரிடமிருந்து வந்த பதில், அந்தச் சட்டையே காணோம் என்பது! பிறகு, ஆஸ்பத்திரியில் குப்பையோடு போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். விதி என்று அந்த அம்மையார் நினைத்திருந்தால் இந்தச் சங்கதி வெளிவந்திருக்குமா? கர்கரேக்கும் ஓம்ப்ளேக்கும் 2009 ஜனவரி 26-ல் அசோக சக்கர விருது கொடுத்தார்கள். கொடுக்கவேண்டியதுதான். ஆனால் பதக்கம் கொடுப்பது சுலபம். நல்ல சட்டை கொடுப்பதற்குத்தான் டெண்டர், கமிட்டி, பைல் எல்லாம்.

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். “சாபம் பலிக்காது என்கிறீர்களே, உங்களுக்கு யாராவது சாபம் கொடுத்தால் பொறுத்துக்கொள்வீர்களா?” என்று. தோழரே, நமக்கு மேடைக்கு மேடை அது இனாமாகக் கிடைத்து வருகிறது. நாக்கு அழுகிப்போகும் என்று சொன்னவர்கள் கணக்கில்லை. அந்த நாக்கால்தான் இப்போது ஒன்றரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கர்கரேயின் மனைவியார் 2014-ல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். அவருடைய பிள்ளைகள் அம்மாவின் கண்களையும் சிறுநீரகங்களையும் கல்லீரலையும் மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுக்கச் சம்மதித்தார்கள். தீட்டென்று அவர்கள் தள்ளி நிற்கவில்லை. மணி ஒன்பதரை ஆகிறது. வெளியூர்த் தோழர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும்.