பத்து பர்சென்ட்டா, ஒன்றரை வட்டியா?



ஓசூர் வட்டாரத்தில் பணத்தைப் பற்றிப் பேச மூன்று மொழிகள் உண்டு. நாம் வட்டி என்கிறோம். சூளகிரி, பாகலூர் பக்கத்துத் தெலுங்குக்காரரும் அதையேதான் சொல்வார்; 'ட'வை மட்டும் நம்மைவிட மென்மையாக உச்சரிப்பார். தளிப் பக்கத்துக் கன்னடக்காரருக்கு அது பட்டி. அசல், பாக்கி இரண்டும் மூவருக்கும் பொது. இந்த மூவரும் சிப்காட் தொழிற்பேட்டை கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டு வண்டிக்கடனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், மூன்று மொழியும் ஒதுங்கிக்கொள்ளும். டியூ, ஈ.எம்.ஐ., சிபில், பவுன்ஸ், பி.எஃப்., சி.டி.சி. என்று நாலாவது ஒரு மொழி வந்து உட்காரும்.

இந்த நாலாவது மொழியை யாரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை. 1970களில் சிப்காட் வந்தது. பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாக வந்தன. இப்போது போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரையடுத்து டாடா எலக்ட்ரானிக்ஸ். பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போகிறார்கள். மிஷின் ஓட்டப் பயிற்சி தருகிறார்கள், பாதுகாப்புக்குப் பயிற்சி தருகிறார்கள். சம்பளச் சீட்டைப் படிக்க மட்டும் பயிற்சி கிடையாது. அதனால் இன்றைக்கு அந்தச் சீட்டையும், வண்டிக் கடன் தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் பேசலாம்.

சீட்டிலிருந்தே தொடங்குவோம். வேலைக்குச் சேரும்போது 'சி.டி.சி. பதினெட்டாயிரம்' என்று சொல்லியிருப்பார்கள். முதல் மாதம் கைக்கு வருவது பதிமூன்றாயிரத்துச் சொச்சம். கான்ட்ராக்டர் தின்றுவிட்டார் என்று பேச்சு கிளம்பும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 15,000 ரூபாய், வேறு அலவன்ஸ் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், உங்கள் பி.எஃப்.புக்குப் போகும். முக்கால் சதவீதம், 113 ரூபாய், ஈ.எஸ்.ஐ.க்கு. கையில் நிற்பது 13,087. கம்பெனி தன் பங்குக்கு பி.எஃப்.பில் 1,800, ஈ.எஸ்.ஐ.யில் மூன்றே கால் சதவீதம் 488 கட்டுகிறது. கிராஜுவிட்டிக்கு என்று சுமார் 720 ஒதுக்குகிறது. எல்லாவற்றையும் கூட்டுங்கள், பதினெட்டாயிரம் வந்துவிடும். சி.டி.சி. என்றால் கம்பெனிக்கு ஆகும் செலவு. அதை நம் சம்பளம் என்று நினைத்துக்கொண்டு வாடகைக்கு வீடு பிடித்தால் மாதக் கடைசியில் கஷ்டம்தான். கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் பிடிப்பது இதற்கு மேல் தனி.

கம்பெனி கட்டும் 1,800 ரூபாய் முழுதாக உங்கள் பி.எஃப். கணக்கில் சேர்வதில்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. 1,250 ரூபாய் பென்ஷன் பக்கம் போகிறது. மீதி 550தான் பி.எஃப்.பில் விழுகிறது. பாஸ்புக்கைப் பார்த்து 'கம்பெனி குறைவாகக் கட்டுகிறது' என்று சண்டைக்குப் போகுமுன் பென்ஷன் பத்தியையும் பாருங்கள். வேலை மாறும்போது இன்னொன்று. யு.ஏ.என். என்ற பன்னிரண்டு இலக்க எண் ஒருவருக்கு ஒன்றுதான். புதுக் கம்பெனியில் அதே எண்ணைக் கொடுத்து, பழைய கணக்கை டிரான்ஸ்ஃபர் செய்யச் சொல்ல வேண்டும். இங்கே என்ன நடக்கிறது? ஒவ்வொரு கான்ட்ராக்ட் முடியும்போதும் வித்டிராயல் போட்டு, எடுக்கக் கிடைப்பதையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள். பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தால், மாதப் பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருடக் கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இருபது வருடம் உழைத்தும் பென்ஷன் இல்லாதவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

எல்லையோரத்துக்கே உரிய ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், மாதச் சம்பளம் 25,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் தொழில்வரி கிடையாது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மாநகராட்சியோ பஞ்சாயத்தோ அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கும். அரையாண்டுக்கு உச்சம் 1,250 ரூபாய். அதனால்தான் ஆனேக்கல் பக்கம் வேலை பார்த்துவிட்டு ஓசூருக்கு வந்தவருக்கு, வருடத்தில் இரண்டு மாதம் திடீரென்று சம்பளம் இளைத்துத் தெரிகிறது. அது கம்பெனி தனக்காகப் பிடித்தது அல்ல, வரி.

இனி கடனுக்கு வருவோம். பேச வேண்டிய விஷயமே இங்கேதான் இருக்கிறது.

ஓசூரில் தயாராகும் வண்டியை ஓசூர்த் தொழிலாளியே டியூவில் எடுக்கிறார். ஷோரூமிலேயே ஃபைனான்ஸ்காரர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். 'பத்து பர்சென்ட்தான் அண்ணா, ஃப்ளாட்' என்பார். பத்து என்றதும் நமக்கு மலிவாகத் தெரிகிறது. ஊரில் ரெண்டு வட்டிக்கும் மூணு வட்டிக்கும் வாங்கிப் பழகியவர்கள் அல்லவா நாம்? நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் அது ஒரு வட்டி, வருடத்துக்கு 12 சதவீதம். பத்து சதவீதம் என்றால் ஒரு வட்டிக்கும் கீழே. யார்தான் வேண்டாம் என்பார்கள்?

கணக்குப் போடுவோம். ஒரு லட்சம் கடன், மூன்று வருடம், பத்து சதவீதம் ஃப்ளாட். வருடம் 10,000 வீதம் வட்டி 30,000. மொத்தம் 1,30,000. முப்பத்தாறால் வகுத்தால் மாத டியூ 3,611 ரூபாய். இதில் ஒளிந்திருப்பது என்னவென்றால், ஒரு லட்சம் மூன்று வருடமும் உங்கள் கையில் இல்லை. மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தானே கட்டுகிறீர்கள்? இருபதாவது மாதத்தில் அசலில் சுமார் பாதியைக் கட்டி முடித்திருப்பீர்கள். வட்டி மட்டும் அப்போதும் முழு லட்சத்துக்கே ஓடிக்கொண்டிருக்கும். ஊர்ப்புறத்தில் வட்டிக்குக் கொடுப்பவர்கூட, பாதி அசலைத் திருப்பிவிட்டால் மறுமாதத்திலிருந்து பாதி வட்டிதான் கேட்பார். அவரைவிட இது கறார்!

நின்ற பாக்கிக்கு மட்டும் வட்டி போடுவதை ரெட்யூசிங் பேலன்ஸ் என்பார்கள். அந்த முறையில் அதே பத்து சதவீதத்துக்கு மாத டியூ 3,227 ரூபாய். மூன்று வருட வட்டி 16,000 சொச்சம். ஃப்ளாட்டில் 30,000. ஃப்ளாட் பத்தை ரெட்யூசிங் கணக்குக்கு மாற்றினால் ஏறத்தாழ 18 சதவீதம். நம் பாஷையில் சொன்னால் ஒன்றரை வட்டி.

இதோடு முடியவில்லை. பிராசசிங் ஃபீஸ் என்று 3,000 ரூபாயை முதலிலேயே கழித்துக்கொண்டு 97,000 கொடுத்தால், அதே டியூவுக்கு உண்மை வட்டி 20 சதவீதத்தைத் தொடும். 'பத்து பர்சென்ட்' என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் 'ஒன்றரை வட்டிக்கு மேல் வரும்' என்று சொல்லியிருந்தால் மேசையிலிருந்து நீங்கள் எழுந்திருப்பீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

என் கட்சி என்னவென்றால், இந்த வியாபாரத்தில் நம் ஆட்கள் ஏமாறுவது இங்கிலீஷ் தெரியாததால் மட்டும் அல்ல. கையில் நல்ல அளவுகோல் இருந்தும் அதை ஷோரூம் வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். நூற்றுக்கு மாதம் எத்தனை, நின்ற பாக்கிக்கு எத்தனை என்ற கேள்வி ராயக்கோட்டையில் தக்காளி விற்கும் பாட்டிக்கும் தெரியும். அதே கேள்வியைத்தான் ஏ.பி.ஆர். என்ற மூன்றெழுத்தும் கேட்கிறது. ஃபீஸ் எல்லாம் உட்பட, பாக்கிக்கு வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று காட்டுகிற எண் அது. அமெரிக்காவில் 1968-லேயே சட்டம் போட்டு, கடன் கொடுப்பவர் இந்த எண்ணைச் சொல்லியே ஆகவேண்டும் என்றார்கள். வித்தை சுலபம்: ஏ.பி.ஆர்.ஐப் பன்னிரண்டால் வகுங்கள், நம் ஊர் வட்டி வந்துவிடும். இருபத்துநாலு என்றால் ரெண்டு வட்டி. முப்பத்தாறு என்றால் மூணு வட்டி.

இந்த எண் எங்கே இருக்கும்? கே.எஃப்.எஸ். என்ற தாளில். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்க் கடன், வண்டிக் கடன், வீட்டுக் கடன் எதுவானாலும் இந்தத் தாளைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. வட்டி, ஃபீஸ், ஏ.பி.ஆர்., எந்த மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அது மட்டும் இல்லை. கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் அது எழுதப்பட வேண்டும், விளக்கிச் சொல்லவும் வேண்டும். மாநில மொழி என்று உத்தரவு சொல்லவில்லை. உங்களுக்குப் புரிகிற மொழி என்கிறது. பாகலூர்க்காரர் தெலுங்கில் கேட்கலாம், தளிக்காரர் கன்னடத்தில் கேட்கலாம், ஒடிசாவிலிருந்து வந்த தம்பி ஒடியாவில் கேட்கலாம். வீட்டில் பேசுவது தெலுங்கு, பள்ளியில் படித்தது தமிழ் என்று நம் பக்கம் எத்தனையோ பேர்; அவர்கள் தமிழில் வாங்கிக்கொள்ளட்டும்.

நடைமுறை எப்படி இருக்கிறது? இருபது முப்பது பக்க இங்கிலீஷ் ஒப்பந்தம். பென்சிலால் இன்ட்டு மார்க் போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து. அதில் ஒரு பக்கத்தில், 'இந்த விவரங்கள் எனக்குத் தெரிந்த மொழியில் விளக்கப்பட்டன, புரிந்துகொண்டேன்' என்று ஒரு வாசகம் இருக்கும். அதுவும் பெரும்பாலும் இங்கிலீஷில்! விளக்கமே கேட்காமல் 'விளக்கம் கேட்டேன்' என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். பிறகு புகார் சொல்லப் போனால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பிக் காட்டுவார்கள்.

சின்ன விஷயங்கள் இரண்டு. சம்பளம் ஏழாம் தேதி வருகிறது, டியூ அஞ்சாம் தேதி என்றால் மாதாமாதம் பவுன்ஸ் ஆகும். பேங்க் ஒரு பக்கம் அபராதம் பிடிக்கும், ஃபைனான்ஸ்காரர் ஒரு பக்கம் பிடிப்பார், நாம் கடனை எப்படிக் கட்டுகிறோம் என்று காட்டும் சிபில் ஸ்கோரும் இறங்கும். கடன் போடும்போதே பத்தாம் தேதி வைக்கச் சொல்லுங்கள். டியூ முடிந்ததும் ஃபைனான்ஸ்காரரிடம் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் எச்.பி. என்கிற அடமானப் பதிவைக் கேன்சல் செய்யுங்கள். இல்லையென்றால் ஆர்.சி. புத்தகத்தில் வண்டி இன்னும் அவர்கள் பேரில் அடமானமாகவே நிற்கும். விற்கப் போகும் அன்றைக்குத்தான் தெரியும்.

கே.எஃப்.எஸ். தர மறுத்தாலோ, புரியாத மொழியில் தந்தாலோ, முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. புகாருக்குக் கட்டணம் கிடையாது.

கே.எஃப்.எஸ். தாளில் கொடுத்த நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு மாறக்கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் அதே உத்தரவில் இருக்கிறது. ஆகவே ஷோரூமில் 'இன்னைக்கே சைன் பண்ணுங்க, ஆஃபர் போயிடும்' என்றால் அவசரப்படாதீர்கள். தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ஏ.பி.ஆர்.ஐப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். கட்டுப்படியானால் நாளைக்குப் போய்க் கையெழுத்துப் போடுங்கள்.