கம்பெனிக்கு ஒரு வாய்

புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த ஒருவர் சென்னைக்கோ திருச்சிக்கோ விருந்தாளியாகப் போய் இறங்கினால், பிரயாணம் சௌக்கியமா என்று விசாரிப்பதற்கு முன்பே, "பாண்டியிலிருந்து வெறுங்கையோடா வந்தாய்?" என்று கண்ணைச் சிமிட்டுகிற சிநேகிதர் ஒருவராவது அங்கே இருப்பார்.

மதுவுக்குப் பேர்போன ஊர்க்காரர் என்ற இந்தப் பெயர் நமக்கு வாய்த்ததற்குச் சரித்திரம் உண்டு. 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியபோது, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இவ்வூரில் அச்சட்டம் செல்லாமையால், அங்கே கதவடைத்த கடைகளுக்கு ஈடாக இங்கே திறந்த கடைகள் நின்றன. 1954-இல் பிரெஞ்சுக் கொடி இறங்கிய பின்னரும் அந்தக் கீர்த்தி இறங்கவில்லை. ஆகையால் பாண்டிக்காரன் குடிப்பதில்லை என்றால், அதை விரதம் என்று எண்ணாமல் வேடிக்கை என்றே எண்ணுகிறார்கள்.

வற்புறுத்துகிறவர் பகைவராயிருந்தால் மறுப்பதில் சிரமமில்லை. கல்யாணத்துக்கு முந்திய இரவில் மாப்பிள்ளைத் தோழரும், உத்தியோக உயர்வு பெற்ற சகாவும், வெகுகாலம் கழித்து ஊர் திரும்பிய மைத்துனரும், "சும்மா கம்பெனிக்கு ஒரு வாய்" என்று அன்பையும் கிளாஸையும் ஒரே கையில் நீட்டும்போதுதான், ஒன்றைத் தள்ளினால் மற்றதும் சிந்திவிடுமோ என்று மனம் தடுமாறுகிறது.

அச்சமயத்தில் சாக்குச் சொல்வதே நாம் செய்யும் முதற்பிழை. மாத்திரை சாப்பிடுகிறேன் என்றால் "நாளைக்குச் சாப்பிடேன்" என்பார்கள். சனிக்கிழமை என்றால் "பன்னிரண்டு அடித்தால் ஞாயிறுதானே" என்பார்கள். காரணம் இருக்குமிடத்தில் வாதம் முளைக்கும். "நான் குடிப்பதில்லை" என்பதை முகமலர்ச்சியோடு ஒருமுறை சொல்லி, கையில் பன்னீர் சோடாவை வைத்துக்கொண்டு, குழந்தைகளின் படிப்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டால், பெரும்பாலும் காரியம் அதோடு முடிந்துவிடும். வீடு திரும்ப வாகனத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டால், பிறர் எழுந்திருக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

நெடுங்காலம் குடித்து இப்போது விட நினைப்பவருக்கு இவ்வளவு போதாது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடுமாகையால், வைத்தியரின் மேற்பார்வை முதலில் அவசியம். அதன் பின்னர் வேண்டியது துணை. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரத்து ஹோட்டலொன்றில், வியாபாரம் கைகூடாமல் தனித்து நின்ற பில் வில்சன் என்பவர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், மதுக்கூடத்தின் கலகலப்பு தம்மை இழுப்பதை உணர்ந்து, அதற்குள் நுழையாமல், தம்மைப்போல் குடியோடு போராடும் வேறொருவரைத் தேடித் தொலைபேசியில் பலரை அழைத்தார். அவ்வாறு கிடைத்த டாக்டர் பாப் ஸ்மித்தும் அவரும் தொடங்கியதே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் இயக்கம். அவர் தேடியதும் கம்பெனியைத்தான்.

விருந்து வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரத்திலும் கள்ளுண்ணாமையைத் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரத்திலும் பாடிய வள்ளுவர், இவ்விரண்டுக்கும் விரோதம் இருப்பதாக நினைக்கவில்லை. வேண்டாம் என்ற விருந்தாளியை இரண்டாம் முறை கேளாமல், அவருக்கென்று எலுமிச்சைச் சாறு ஒரு கிளாஸ் முன்னதாகவே பிழிந்து வைத்திருப்பவரே, உண்மையில் கம்பெனி கொடுக்கிறவர்.