தாங்குகிற பட்டையே மின்கம்பி
(குறுவள மையக் கூட்டத்தில் பேசியது)



எங்கள் பந்தல்குடிப் பக்கம் கரிசல் பூமி. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் உப்பும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பறைச் சுவரில் 2 மீட்டர் நூலில் தூக்குக்குண்டு கட்டி, அது நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்தாள். மழை முடிந்ததும் வந்து, "சார், குண்டு 2 மில்லிமீட்டர் தள்ளி நிக்குது" என்றாள். "நீ தட்டிவிட்டிருப்ப" என்று அனுப்பிவிட்டேன். குண்டு நகரவில்லை, சுவர்தான் சாய்ந்தது என்று எனக்கு உறைக்க இரண்டு வருடமாயிற்று. அதற்குள் அவள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

உறைக்க வைத்தது காந்தமானி. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போவதால், இங்கே புவிகாந்தப் புலம் கிட்டத்தட்ட கிடைமட்டம்; அளவு சுமார் 40,000 நானோடெஸ்லா. நேர்குத்துப் புலத்தை அளக்கும் உணரி வடக்கு தெற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலே, கிடைமட்டப் புலத்திலிருந்து 40 நானோடெஸ்லா அதில் புகுந்துவிடும். 2 மீட்டருக்கு 2 மில்லிமீட்டர் என்பதும் அதே ஆயிரத்தில் ஒரு பங்குதானே!

அப்படியானால் உணரியையும் தூக்குக்குண்டு போலத் தொங்கவிட வேண்டும். சிக்கல் வயரில்தான். எவ்வளவு மெல்லிய வயரும் விறைத்துக்கொண்டு உணரியை ஒரு பக்கம் தள்ளும். டென்மார்க் காந்தமானி ஒன்றில் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். உணரிகளைப் பளிங்குக் கட்டியில் பதித்து, பாஸ்பர் வெண்கலப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அமைத்துத் தொங்கவிடுகிறார்கள். தூண் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பட்டை வளைந்துகொடுக்கும், கட்டி நேராக நிற்கும். மின்சாரம் போவதும் அதே பட்டைகளில். தனி வயரே கிடையாது.

பள்ளியில் செய்து பார்த்தோம். பளிங்குக்குப் பதில் எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல். பழைய மோட்டார்ச் சுருளின் செம்புக்கம்பியைத் தட்டித் தட்டிப் பட்டையாக்கி, முனைகளை உப்புத்தாளால் தேய்த்தோம். நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையம். மேலே இடம் வலமாக இரண்டு பட்டை, கீழே முன்னும் பின்னுமாக இரண்டு. இடப் பட்டையை முன் பட்டையோடும், வலப் பட்டையை பின் பட்டையோடும் வளையத்தின் மேலேயே இணைத்தோம். கல்லில் ஒரு எல்.இ.டி., வெளியே இரண்டு பேனா செல். முதல் மூன்று தடவை பட்டை அறுந்தது. தட்டும்போது மிக மெலிதாகிவிட்டது.

நான்காவது இதோ மேசையில் இருக்கிறது. சட்டத்தை எப்படி வேண்டுமானாலும் சாய்த்துப் பாருங்கள். அந்த மாணவி இப்போது அருப்புக்கோட்டையில் படிக்கிறாள். வரும் சனிக்கிழமை இதை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போகிறேன்.