ஏறி இறங்கும் பலகைகள்

வீட்டுச் சுவரில் மாட்டுகிற தட்டுகளைப் பற்றி இன்று பேசுகிறேன். ஒரே உயரத்தில் ஆணியடித்து நிறுத்திவிடும் தட்டு அல்ல. இன்றைக்கு ஓர் உயரம், அடுத்த ஆண்டு வேறோர் உயரம் என்று, ஆசாரியைக் கூப்பிடாமல் வீட்டில் இருப்பவர்களே ஏற்றி இறக்கிக்கொள்ளும் தட்டு.

புதுச்சேரியில் வைசியாள் வீதி, ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் பழைய வீடு ஒன்றில் நீங்கள் இருந்தால், உங்கள் வீட்டுச் சுவரிலேயே ஓர் அலமாரி இருக்கும். ஒன்றரை அடிக் கனமுள்ள செங்கல் சுவரைக் கட்டும்போதே குழிவாக விட்டு, குறுக்கே பலகைகளைப் பதித்து, முன்னால் மரக்கதவு போட்டிருப்பார்கள். அருமையான ஏற்பாடு அது. தரையில் ஓர் அங்குலம்கூட இடம் பிடிக்காது. பாரம் முழுவதையும் சுவரே தாங்கும். ஆனால் பலகைகள் சுண்ணாம்புக் காரையில் பதிந்துவிட்டன. பலகைகளின் இடைவெளி அன்றைய பித்தளைச் சொம்புக்கும் அடுக்குப் பானைக்கும் அளந்து விட்டது. இன்றைக்கு அதில் மிக்சி நுழையாது. மருந்து டப்பாவை வைத்தால் தலைக்குமேல் முக்கால் அடி காலியாகக் கிடக்கும். ஐந்து தட்டுள்ள அலமாரியில் ஒவ்வொரு தட்டிலும் நான்கு அங்குலம் வீணானால் மொத்தம் 20 அங்குலம். இன்னும் இரண்டு தட்டுகளுக்கான இடம் அது. இடம் போதவில்லை என்று புது பீரோ வாங்கும் பல வீடுகளில், உண்மையில் இடம் இருக்கிறது. தட்டுதான் நகர மறுக்கிறது.

வீட்டில் வசிப்பவர் கையாலேயே வீடு மாறிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நம் ஊருக்குப் புதிதல்ல. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துச் சாதகர்கள் தங்கும் கோல்கொண்டா கட்டடம் இங்கே இருக்கிறது. டோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்த கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வரைந்து கொடுக்க, 1937இல் வேலை தொடங்கியது. அவரிடம் பணியாற்றிய பிரான்டிசெக் சாமரும் ஜார்ஜ் நகாஷிமாவும் இங்கேயே தங்கிக் கட்டினார்கள். இந்தியாவின் தொடக்ககாலக் கான்கிரீட் கட்டடங்களில் பெரிதும் பேசப்படுவது அது. அதன் தெற்கு, வடக்கு முகங்களில் வழக்கமான சுவரும் கண்ணாடி சன்னலும் கிடையாது. தரையிலிருந்து கூரை வரை படுக்கைவசமாக அமைந்த அகலமான தகடுகள்தான் சுவர். அறையில் இருப்பவர் அவற்றைத் திருப்பி வைத்துக் காற்றையும் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைத்துக்கொள்கிறார். சித்திரை வெயிலுக்கு ஒரு நிலை, ஐப்பசிச் சாரலுக்கு ஒரு நிலை. கட்டியவர் ஒரு முறை முடிவு செய்துவிட்டுப் போய்விடவில்லை. தினந்தோறும் முடிவு செய்யும் உரிமையை வசிப்பவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

நகாஷிமா அந்த அறைகளுக்கான தேக்கு மரச் சாமான்களையும் வடிவமைத்தார். பிற்காலத்தில் அமெரிக்காவில் மரவேலைக்காக உலகப் புகழ் பெற்றவரின் கை பழகிய இடங்களில் ஒன்று நம் புதுச்சேரி. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இதே எண்ணம் சுவர்த்தட்டுக்கு வந்த கதையும் சுவையானது. 1949இல் சுவீடனில் ஒரு பதிப்பகம், சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய புத்தகத் தட்டுக்கு ஒரு போட்டி வைத்தது. நிஸ்ஸே ஸ்ட்ரின்னிங் என்பவரின் வடிவம் வென்றது. கம்பியால் செய்த மெல்லிய ஏணி இரண்டு. அவற்றின் படிகளில் தொங்கும் பலகைகள். அவ்வளவுதான். 1960இல் ஜெர்மனியின் வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸ் அலுமினியப் பட்டைகளைச் சுவரில் நிறுத்தி, சிறு ஊசிகளைச் செருகி, தட்டைத் தொங்கவிடும் முறையைக் கொண்டுவந்தார். வீடு மாறினால் கழற்றி எடுத்துப்போய்ப் புது வீட்டில் மாட்டலாம். இரண்டும் இன்றுவரை விற்பனையில் இருக்கின்றன. எழுபது எண்பது ஆண்டுகளில் எத்தனை சாமான் வடிவங்கள் வந்து போயின! மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தவை நிலைத்துவிட்டன.

நம் பக்கத்து ஊரான சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது, 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது ஐந்தாவது விதி. வளர்கிற ஒன்றுக்கு அசையாத தட்டு பொருந்தாது. வீடும் வளர்கிற உயிர்தான். குழந்தை பிறக்கிறது, பள்ளிக்குப் போகிறது, கல்லூரிப் புத்தகங்கள் சேர்கின்றன. பிறகு பெரியவர்களின் மருந்துகளும் கணக்கு நோட்டுகளும் சேர்கின்றன. ஆயுதபூஜையின்போது புத்தகம் இருந்த தட்டில், மறு ஆண்டு கொலு பொம்மை உட்கார வேண்டியிருக்கிறது.

சரி, எப்படிச் செய்வது?

கடையில் கேட்டால் துளை வரிசை போட்ட இரும்புப் பட்டையையும், அதில் கொக்கி மாட்டும் பிராக்கெட்டையும் காட்டுவார்கள். நல்ல பொருள்தான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பழைய சுவர் அலமாரி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதைவிடப் பழைய வழி. பிரெஞ்சுக்காரர்களின் புத்தக அலமாரிகளில் பல் வெட்டிய மரச்சட்டங்கள் இருக்கும். க்ரெமையேர் என்பார்கள். ஒன்றரை அங்குல அகல ரீப்பர் நான்கு எடுங்கள். நான்கையும் ஒன்றாகக் கட்டி, ஓர் அங்குலத்துக்கு ஒரு பல் வீதம் ரம்பத்தால் வெட்டச் சொல்லுங்கள். சேர்த்து வெட்டினால்தான் நான்கிலும் பற்கள் ஒரே மட்டத்தில் வரும். அலமாரியின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். இடது பக்கத்துச் சட்டங்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு குறுக்குக் கட்டை, வலது பக்கத்தில் ஒரு குறுக்குக் கட்டை. பற்களில் அவை உட்கார்ந்துகொள்ளும். மேலே பலகை. உயரம் மாற்ற வேண்டுமா? பலகையைத் தூக்கி, கட்டைகளை வேறு பல்லில் வைத்து, பலகையைத் திரும்பப் போட்டால் முடிந்தது. ஒரு திருகாணியைக்கூடத் தொட வேண்டாம்.

இந்த முறை நம் ஊருக்கு ஏன் ஏற்றது என்றால், பாரம் தாங்கும் இடத்தில் இரும்பே இல்லை. கடற்கரைச் சாலையிலிருந்து நான்கு தெரு தள்ளியிருக்கும் வீட்டிலும் உப்புக் காற்று வேலை செய்கிறது. சாதாரண இரும்புத் திருகாணி சில மழைக்காலம் கண்டதும் தலை உதிர்ந்துவிடுகிறது. துரு ஊறிப் பருத்துச் சுவரையும் வெடிக்கச் செய்கிறது. இன்னொரு நன்மை, சட்டத்தின் கால் அலமாரியின் அடித்தளத்தில் நிற்பதால் பாரம் நேராகக் கீழே இறங்குகிறது. சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே சுவர் வேண்டும். அதற்கு நல்ல துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி இரண்டு மூன்று போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே உத்தி கைகொடுக்கும். தரையில் நிற்கும் இரண்டு மரச்சட்டங்கள், அவற்றில் துளை வரிசை, மேல்முனையில் மட்டும் சுவரோடு ஒரு பிடிப்பு. வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ளும் அளவுக்குச் சுவர் சேதமாகாது. காலி செய்யும்போது கூடவே கிளம்பிவிடும்.

இனி, சுவரில் துளையிட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்கு. டிரில்லைத் தொடும் முன் உங்கள் சுவர் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் ஒரே தெருவில் மூன்று வகைச் சுவர் இருக்கிறது. லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டைப் பக்கம் அண்மையில் கட்டிய வீடுகளில் உள்சுவர் நாலரை அங்குலம்தான். சில இடங்களில் செங்கல்லுக்குப் பதிலாக இலேசான கட்டிகள். பழைய வீட்டிலோ கனத்த செங்கல், ஆனால் சுண்ணாம்புக் காரை. விரலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலித்தால் பூச்சு சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது. துளையிடும்போது வெளிவரும் தூளைக் கவனியுங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், அதுதான் வேண்டும். வெள்ளையாகப் பொடிப்பொடியாக வந்துகொண்டே இருந்தால் நீங்கள் இன்னும் காரையில்தான் இருக்கிறீர்கள். பழைய வீடுகளில் பூச்சே ஓர் அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடும். அங்கே ஒன்றரை அங்குலத் திருகாணி போட்டால் அது பூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு நாள் பூச்சோடு சேர்ந்து கீழே வரும். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இரண்டு அங்குலம் போக வேண்டும். டிரில்லில் சுத்தியல்போல அடிக்கும் அமைப்பை அணைத்துவிட்டு, மெதுவாகச் சுழலவிடுங்கள். பழைய செங்கல் அடி தாங்காது. இலேசான கட்டிகளில் கட்டிய சுவருக்கு அதற்கென்றே தனி பிளக் விற்கிறது, கேட்டு வாங்குங்கள். சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள், அங்கேதான் மின்கம்பி ஓடும்.

பழைய வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வேண்டாத துளையைச் சிமெண்டால் அடைக்காதீர்கள், சுண்ணாம்பால் அடையுங்கள். சுண்ணாம்புச் சுவர் உள்ளே புகுந்த ஈரத்தை மெல்ல வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே பூட்டிவிடும். 19ஆம் நூற்றாண்டில் கட்டிய நம் நகராட்சிக் கட்டடமான மேரி 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது. மீண்டும் கட்டி 2021இல் திறக்க முடிந்தது, அது அரசுக் கட்டடம் என்பதால். நம் வீட்டுச் சுவரை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

அடுத்தது பலகை. பெரும்பாலான தட்டுகள் சுவரில் தோற்பதில்லை, நடுவில் தொய்ந்து தோற்கின்றன. இரண்டடி இடைவெளியில் புத்தகம் நிரப்பி ஒரு மில்லிமீட்டர் தொய்கிற பலகை, அதே கனத்தில் நான்கடி இடைவெளி கொடுத்து அதேபோல நிரப்பினால் 16 மில்லிமீட்டர் தொய்யும். இரண்டு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு! ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கிய புத்தகம் முப்பது கிலோவைத் தொடும். ஆகவே முக்கால் அங்குலப் பிளைவுட்டுக்கு இரண்டரை அடிக்கு மேல் இடைவெளி கொடுக்காதீர்கள். நான்கடிப் பலகையை இரண்டே பிராக்கெட்டில் வைக்க வேண்டுமானால், பிராக்கெட்டை முனையில் வைக்காமல் இரு பக்கமும் பத்தரை அங்குலம் உள்ளே தள்ளி வையுங்கள். தொய்வு வெகுவாகக் குறையும். முன்விளிம்பில் ஒன்றரை அங்குல ரீப்பரை நிறுத்துவாக்கில் பசை போட்டு ஒட்டினால் பலகைக்கு முதுகெலும்பு வந்துவிடும். மரத்தூளை அழுத்திச் செய்த போர்டை மட்டும் தவிருங்கள். விலை குறைவு, ஆனால் நம் ஊர் ஈரத்தில் ஊதிப்போய்விடும்.

துளைப்பட்டை முறையைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தனித்தனி எல் வடிவப் பிராக்கெட்டைவிட நீளமான பட்டை நல்லது. சிறிய பிராக்கெட்டின் மேல் திருகாணியை முழுப் பாரமும் வெளியே இழுக்கும். நான்கடிப் பட்டையில் அந்த இழுப்பைப் பல திருகாணிகள் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று தளர்ந்தாலும் மற்றவை பிடிக்கும். பட்டைகளைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்துங்கள். இரண்டு பட்டைகளின் முதல் துளையும் ரசமட்டத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் கால் அங்குலம் பிசகினால் பிறகு எந்த உயரத்திலும் தட்டு சாய்ந்தே நிற்கும்.

எதை எங்கே வைப்பது என்பது வீட்டுக்கு வீடு மாறும். இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே கனமானவை, அதற்கு மேலே இலேசானவை என்ற ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். சமையலறையில் புழங்குபவரின் கை எட்டும் உயரமே மேல்தட்டின் உயரம். அவரை நிற்கவைத்துக் கை தூக்கச் சொல்லி அளவெடுக்காமல், எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு போட்டுவிட்டுப் போவது நியாயமில்லை. வீட்டில் வயதானவர் இருந்தால் அவர் குனியாமல் எடுக்கும் இடத்தில் அவருடைய பொருள் இருக்க வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊர்ப் பக்கம் கரையேறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. பீரோவின் அடித்தட்டில் வைத்த பத்திரமும் சான்றிதழும் புத்தகமும் ஊறிப்போயின. அந்த மாதிரி இரவில், கீழ்த்தட்டுகளைக் கழற்றி நெஞ்சுயரத்துக்கு மேலே மாட்டிச் சாமான்களை ஏற்றப் பத்து நிமிடம் போதும். நம் வீடுகளுக்கு நகரும் தட்டு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் வீட்டில் ஒரே ஒரு சுவரிலாவது இந்த ஏற்பாட்டைச் செய்யுங்கள். முடிந்ததும் உடனே சாமானை ஏற்றாதீர்கள். வைக்கப்போகும் எடையைப்போல ஒன்றரை மடங்கு எடையை, அரிசி மூட்டையோ தண்ணீர்க் கேனோ, ஓர் இரவு முழுக்க அதில் வைத்துப் பாருங்கள். காலையில் திருகாணியும் பலகையும் அசையாமல் இருந்தால் தைரியமாகப் பயன்படுத்தலாம்.