நினைவுகளைத் தாளில் பதிப்போம்



இன்று நம் இல்லத் திருமணமும் கோயில் திருவிழாவும் கைப்பேசியிலேயே படமாகின்றன. அக்கைப்பேசி தொலைந்தால், மறைந்த பெரியவரின் கடைசிப் படமும் அதனுடன் போய்விடக்கூடும். ஆகவே, தீபாவளிச் சாமான்கள் வாங்கப் பிரிக்பீல்ட்சுக்கோ கிள்ளானுக்கோ செல்லும்போது, வேண்டிய படங்களை அச்சிட்டு வருதல் நலம்.

சில படக்கடைகளில் நாமே இயக்கும் அச்சு இயந்திரங்கள் உள்ளன. கைப்பேசியை அல்லது நினைவட்டையை இணைத்து, படத்தையும் அளவையும் தேர்ந்து, பணம் செலுத்தினால் படம் வெளிவரும். 4க்கு 6 அங்குலப் படம் மிகத் தெளிவாக அமைய 1200க்கு 1800 புள்ளிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் பெரும்பாலும் சுருக்கப்பட்டிருக்கும். எடுத்தவரிடம் மூலப் படத்தைக் கேட்டுப் பெறுங்கள். ஓரத்தில் நிற்பவர் வெட்டுப்படாதவாறு திரையில் சரிபாருங்கள். நினைவட்டையை எடுத்துவர மறவாதீர்கள்.

தாளும் அழியக்கூடியதே. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தாக்கிய பெருவெள்ளம் எத்தனையோ வீடுகளை மூழ்கடித்தது. எனவே ஒரு படியை வீட்டிலும், மற்றொன்றை வெளியூர் உறவினரிடமும் வையுங்கள். கைப்பேசியில் உள்ளதையும் அழித்துவிடாதீர்கள்.

படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை அழியா மையால் எழுதுங்கள். இன்றைய சுபாங் ஜெயா, முன்னாளில் சீபீல்டு தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்தது. தோட்டங்கள் நகரங்களாகும் இக்காலத்தில், நாம் வாழ்ந்த இடத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டும் சான்று அச்சிறு படமே ஆகலாம்.