பகல் தூக்கம் சோம்பேறித்தனம் அல்ல



பகலில் எடுத்த கொழுந்து வாடச் சுமார் 12 முதல் 18 மணித்தியாலம் வரை செல்லும். அதனால்தான் ஸ்டோரில் ரோலர் நடுச்சாமத்திலும் விடியப்புறத்திலும் ஓடுகிறது. அங்கே இரவு முழுக்க வேலை செய்தவர் காலையில் லயத்துக்கு வந்து படுத்தால், "பட்டப்பகலில என்ன தூக்கம்?" என்று ஏச்சு விழுகிறது. இது சோம்பேறித்தனமா? இல்லவே இல்லை.

நம் மூளைக்குள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு அது நேரம் வைக்கிறது. தூக்கம், பசி, உடற்சூடு எல்லாம் அதன் சொற்படிதான் நடக்கும். அது உயிரணுவுக்குள் ஓடும் விதத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

வேலை முறை மாறினாலும் இந்தக் கடிகாரம் உடனே மாறாது. விடியப்புறம் 3 மணி, 4 மணிக்கு உடம்பு தூங்கவே பார்க்கும். கவனம் தவறும் நேரம் அது. மெஷினில் கை அகப்படும் ஆபத்தும் அப்போது அதிகம். பகலில் படுத்தாலோ தூக்கம் அரைகுறை. சாமத்தில் சாப்பிட்ட சோற்றின் சீனியை உடம்பு சரியாகச் சமாளிக்காது. ஆண்டுக்கணக்கில் இப்படிப் போனால் சீனி வருத்தம், பிரஷர், இருதய நோய் வரும் வாய்ப்புக் கூடும்.

நாம் என்ன செய்யலாம்?

வேலைக்குப் போகுமுன் ஒரு குட்டித் தூக்கம் போடுங்க. வயிறு நிறையச் சாப்பிடுவதைப் பத்து மணிக்கு முன் முடியுங்க. சாமத்தில் கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும். தூக்கம் கலைய முதல் பாதி இரவில் தேத்தண்ணி குடிக்கலாம். விடியப்புறம் வேண்டாம், பகல் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கத்துக்காகச் சாராயம் குடிப்பது தூக்கத்தையே கெடுக்கும். சீனிக்கோ பிரஷருக்கோ மருந்து எடுப்பவர்கள், இரவு வேலை என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லி, குளிசை போடும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்க.

வீட்டாருக்கும் ஒரு வேலை உண்டு. காம்பராவின் ஜன்னலுக்கு ஒரு கறுப்புச் சீலை கட்டுங்க. ரேடியோ, டிவி சத்தத்தைக் குறையுங்க. தண்ணிக்கும் விறகுக்கும் இடையில் எழுப்பாதீங்க. அடுத்த காம்பராக்காரருக்கும் சொல்லி வையுங்க. லயத்தில் சுவர் ஒன்றுதானே!

இரவு வேலைக்குப் போய் வரும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். வந்ததும் அடுப்படி, பிள்ளை, துணி என்று நின்றால் அவர்கள் எப்போது தூங்குவது? அந்த வேலையை மற்றவர்கள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

உழைத்து வந்தவரின் தூக்கத்தைக் காப்பது, அவரின் கையையும் உயிரையும் காப்பதாகும்.